பெரிய எழுத்தில் ஒரு கதை

திருவண்ணாமலை ராஜகோபுரத்துக்கு எதிரே, கற்பூரமும் நெய் விளக்கும் ருத்ராட்ச மாலையும் விற்கிற கடைகளுக்கு நடுவில் ஒரு புத்தகப் பலகை. அருணாசல புராணம், சிவபுராணம், கந்தர் சஷ்டி கவசம், கிரிவல வழிகாட்டி என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். அக்கா மகன் அவற்றையெல்லாம் தாண்டிப்போய், ஓரத்தில் கிடந்த பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையை இழுத்தெடுத்தான்.

செங்கத்தில் அரசுப் பள்ளியில் ஐந்தாவது படிக்கிறான். "பாடப் புஸ்தகத்தத் தவிர எதையும் தொட மாட்றான்டா. நீ கூட்டிட்டுப் போயி எதையாவது வாங்கிக் குடு, அப்பவாவது படிக்கிறானா பாக்கலாம்" என்று அக்கா அனுப்பி வைத்திருந்தாள். ஆனால் பேருந்து நிலையத்தில் இறங்கியதிலிருந்து அவன் படித்துக்கொண்டேதான் வந்தான். வேட்டவலம், தண்டராம்பட்டு, அவலூர்பேட்டை, போளூர் என்று நகர்கிற பஸ்ஸின் போர்டைக்கூட விடவில்லை. எழுத்து வராத பிள்ளை இல்லை இவன். எழுத்தைத் தேடிப் போக அவனுக்கு இதுவரை ஒரு காரணம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தடிப் புத்தகத்தைப் பார்த்து அவன் மிரளவில்லை. அட்டையில் வேதாளம் தொங்குகிறது. உள்ளே ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கண்ணில் படுகிறது. சென்னையில் இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ், ஆர்.ஜி. பதி கம்பெனி போன்றவர்கள் இந்தப் பெரிய எழுத்துப் புத்தகங்களைத் தலைமுறை தலைமுறையாகப் போட்டார்கள். கொஞ்சமாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து ராகம் போட்டு வாசிக்க, சுற்றிலும் பத்துப் பேர் கேட்பார்கள். தட்டுத்தடுமாறிப் படிக்கிறவரை மனத்தில் வைத்து அச்சடித்த புத்தகம் அது. இன்று குழந்தைகளுக்கென்று வருகிற எத்தனையோ புத்தகங்களில் அந்த அக்கறையைக் காணோம். பளபளப்பான தாள், நாலு வண்ணப் படம், அடியில் எறும்பு வரிசையாகப் பொடி எழுத்து.

பையன் வாய்விட்டு இரண்டு வரி படித்தான். பழைய நடை, மூச்சு விட இடமில்லாமல் நீள்கிற வாக்கியம். மூன்றாவது வரியில் மூடி வைத்துவிட்டான். கண்ணுக்கு ஒத்துவந்தது, நாக்குக்கு ஒத்துவரவில்லை.

"பையனுக்கா சார்? நீதிக் கதை இருக்குது, எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரர். அவன் புரட்டியதைக் கவனித்தேன். ஒவ்வொரு கதையின் முடிவிலும் தடித்த எழுத்தில் ‘நீதி’ என்று போட்டு ஒரு வரி. நேராக அந்த வரிக்குப் போய், படித்து, அடுத்த பக்கம் தள்ளினான். நாலைந்து நீதி படித்ததும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். எனக்கு மனசு வலித்தது. கதையைத் திறக்கும் முன்பே பிள்ளையின் கையில் தீர்ப்பைக் கொடுத்துவிடுகிறோம். அப்புறம் எதற்காக அவன் கதையைப் படிக்க வேண்டும்?

கோயிலுக்குள் போய் ஆயிரங்கால் மண்டபத்தில் பாதாள லிங்கத்துக்கு முன்னால் நின்றோம். 1896இல் இங்கே வந்து உட்கார்ந்த பையனைப் பற்றிச் சொன்னேன். அப்போது அவருக்குப் பதினாறு வயது, பெயர் வேங்கடராமன். பின்னாளில் ரமணர். மதுரையில் அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்தவர். ஒருமுறை காதில் விழுந்தால் பாடம் மனத்தில் தங்கிவிடும். அதனால் புத்தகத்தைத் திறப்பதே குறைவு. அப்படிப்பட்டவர், சித்தப்பா இரவல் வாங்கி வீட்டில் வைத்திருந்த பெரிய புராணத்தைத் தற்செயலாக எடுத்தார். நாயன்மார் கதைகளில் அப்படியே ஒன்றிப்போனார். அதே ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி, பெயின் என்பவரின் ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுதச் சொன்ன தண்டனையில், இரண்டு தடவை எழுதிவிட்டு மூன்றாவதைத் தள்ளி வைத்தார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் இருந்தார்.

"இம்போசிஷனா மாமா?" என்று கேட்டான். அன்று காலையிலிருந்து நான் சொன்ன எதிலும் அவன் காட்டாத ஆர்வம் அந்தக் கேள்வியில் இருந்தது.

ரமணர் வரலாற்றை ஆன்மிகத்துக்காகப் படிக்கிறவர்கள் அநேகம். பிள்ளை படிக்கவில்லையே என்று கவலைப்படுகிற பெற்றோரும் இந்த இரண்டு புத்தகங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஒன்று எழுதச் சொன்ன புத்தகம். மற்றது யாரும் படிக்கச் சொல்லாமல் கைக்கெட்டும் இடத்தில் கிடந்த புத்தகம். திருவண்ணாமலைக்கு வந்த பிறகு நடந்ததும் முக்கியம். அவருக்குத் தொண்டு செய்த பழனிசுவாமி மலையாளி. தமிழ் வாசிப்பது அவருக்குப் பெரும்பாடு. அவர் தமிழ் நூல்களை இரவல் வாங்கிவந்து எழுத்துக் கூட்டித் திணறுவதைப் பார்த்து, ரமணர் தாமே அந்த நூல்களைப் படித்துச் சாரத்தைச் சொல்லுவார். பின்னாளில் அவரிடம் பலரும் வியந்த நூலறிவு இப்படி இன்னொருவருக்காகப் படித்ததில் தொடங்கியது.

வெளியே வந்து ஒரு நூலகத்தின் சிறுவர் பகுதிக்குப் போனோம். புத்தகங்கள் இரும்பு பீரோவில், கண்ணாடிக்குப் பின்னால், பூட்டி. கேட்டதும் திறந்துவிட்டார்கள், ஆனால் பத்து வயதுப் பிள்ளை தானாகப் போய் சாவி கேட்பானா? திறந்த பிறகு நான் எதையும் எடுத்து நீட்டவில்லை. அவன் உருவினான், பார்த்தான், செருகினான். பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக், பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவர், 1992இல் வாசகரின் பத்து உரிமைகளை எழுதினார். முதல் உரிமை, படிக்காமல் இருப்பது. பக்கங்களைத் தாண்டுவதும் பாதியில் விடுவதும் அடுத்த இரண்டு. நம் வீடுகளில் இந்த மூன்றுமே குற்றம்.

ஒரு புத்தகம் பொருந்துமா என்று பார்க்க எளிய வழி உண்டு. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையை வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். தடுக்குகிற ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரல் மடக்கலாம். ஐந்து விரலும் மடங்கினால் அது தனியாகப் படிக்கிற புத்தகம் இல்லை, நாம் படித்துக் காட்ட வேண்டியது. தமிழில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ‘போய்க்கொண்டிருந்தபோதுதான்’ மாதிரியான சொல் வரிக்கு வரி வந்தால், ஒவ்வொரு எழுத்தும் தெரிந்த பிள்ளைகூட மூச்சு வாங்கும். ‘போயிட்டிருந்தான்’ என்று வீட்டில் பேசுகிறவனுக்கு, பேச்சு நடையில் உரையாடல் வருகிற கதை பாதிச் சுமையை இறக்கிவைக்கும். செருப்பைக் காலில் போட்டுப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? புத்தகத்தை மட்டும் அட்டையில் ‘8 முதல் 10 வயது’ என்று போட்டிருப்பதை நம்பி வாங்கிவிடுகிறோம்.

பக்கத்துப் புத்தகக் கடையில் அவன் கை நேராகக் காமிக்ஸுக்குப் போனது, இரும்புக்கை மாயாவி. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே இந்த மாயாவியோடுதான். 1984இல் லயன் காமிக்ஸும் வந்தது. காமிக்ஸ் படித்தால் பிள்ளை கெட்டுப்போவான் என்று சொன்ன தலைமுறையில், அவற்றை ஒளித்து வைத்துப் படித்தவர்கள்தான் பிறகு தடித் தடி நாவல்களுக்குப் போனார்கள். வாங்கிக் கொடுத்தேன். கடை வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். உதடு அசைந்தது, விரல் பலூனுக்குப் பலூன் நகர்ந்தது. ஒரு கட்டத்தில் பின்னால் நாலு பக்கம் திரும்பிப் போய் எதையோ சரிபார்த்துவிட்டு மறுபடி முன்னால் வந்தான். படிக்கத் தெரிந்தவன் செய்கிற வேலை அது.

நான் என் பங்குக்கு யூமா வாசுகியின் ‘தன்வியின் பிறந்தநாள்’ வாங்கினேன், 2024இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. இதே மாவட்டத்தில் வந்தவாசியில் இருக்கும் மு. முருகேஷும் 2021இல் அந்த விருதைப் பெற்றவர். பிள்ளைகளுக்கான கதை இவ்வளவு பக்கத்தில் எழுதப்படுகிறது என்பது இங்கே எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? ‘டோட்டோ சான்’ எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். அத்தியாயங்கள் சின்னவை, அருமையான புத்தகம், ஆனால் அவனுக்கு இன்னும் ஓர் ஆண்டு போகட்டும். செங்கம் வழியில் சிங்காரப்பேட்டைக்குப் பக்கம் புளியானூரில் குக்கூ காட்டுப்பள்ளி இருக்கிறது; அங்கிருந்து வந்த ‘தும்பி’ இதழின் ஓவியங்களுக்காகவே பழைய இதழ்களைத் தேடிப்பிடிக்கலாம். கையில் பணம் இல்லையென்றால், பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை வாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. போனிலேயே வரும்.

திருவண்ணாமலை கதை கேட்டு வளர்கிற ஊர். கதைசொல்லி பவா செல்லத்துரை கையில் தாள் இல்லாமல் ஒரு நாவலையே சொல்லி முடிப்பார். கேட்டவர்கள் அப்புறம் அந்த நாவலைத் தேடிப்போய் வாங்குவார்கள். காதில் முதலில் விழுந்த கதையைக் கண்ணால் தேடுவது பெரியவர்களுக்கே நடக்கிறபோது, பிள்ளைகளுக்கு நடக்காதா?

செங்கம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அக்கா போன் பண்ணினாள். "எத்தன பக்கம் படிச்சான்?"

"அதக் கேக்காதக்கா. மாயாவி யாருன்னு கேளு, அவனே சொல்லுவான். ராத்திரி பத்து நிமிஷம் நீ படி, அவன் கேக்கட்டும்."

"நானா? நான் பத்தாவதோட நின்னவ, திக்கித் திக்கித்தான் வரும்."

"திக்கினா அவன் எடுத்துக் குடுப்பான். அதான் வேணும்."

பள்ளியில் ‘ஊஞ்சல்’ இதழ் நாலாவது, ஐந்தாவது பிள்ளைகளுக்கென்றே அரசு போடுவது என்றும், 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நாலு நிலையில் இருக்கின்றன என்றும் சொன்னேன். திங்கட்கிழமை டீச்சரிடம் கேட்டு வீட்டுக்கு வாங்கி வரச் சொன்னேன்.

"அஞ்சாவதுக்கு எது கேக்கணும்? ‘பற’வா?"

"‘நட’ கேளு. சீக்கிரமா முடிச்சுட்டான்னா அவனே போயி அடுத்தத எடுத்துக்குவான்."