'டியூ பிராசஸ்' என்றால் என்ன?

திருவந்திபுரத்துக்கு அருகிலுள்ள கடலூர் சிறையில் 1918 நவம்பரில் பாரதியார் அடைக்கப்பட்டார். புதுச்சேரியிலிருந்து பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழைந்ததுதான் காரணம். குற்றம் நிரூபிக்கப்படாமலே சில வாரங்கள் சிறையில் இருந்தார்.

இப்படி ஒருவரை அடைத்து வைக்கலாமா? உரிய சட்ட முறையின்றி யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது 1791-ல் வந்த அமெரிக்காவின் ஐந்தாவது திருத்தம். இதுவே 'டியூ பிராசஸ்'. சட்டமே அநியாயமாக இருந்தால் நீதிமன்றம் அதைத் தள்ளிவிடலாம்.

நம் அரசியல் சட்ட வரைவிலும் முதலில் இந்தச் சொல் இருந்தது. ஆலோசகர் பி.என்.ராவ் அமெரிக்க நீதிபதி ஃப்ராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்துப் பேசிய பிறகு அது நீக்கப்பட்டது. 'சட்டம் வகுத்த நடைமுறை' என்ற சொல் 21-வது பிரிவில் இடம்பெற்றது.

சொல் மாறினால் என்ன என்று தோன்றலாம். விசாரணையின்றித் தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட ஏ.கே.கோபாலன், சென்னை அரசை எதிர்த்து 1950-ல் உச்ச நீதிமன்றம் சென்றார். சட்டம் ஒன்று இருக்கிறது, அது போதும் என்று தீர்ப்பு வந்தது. நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று மேனகா காந்தி வழக்கில் நீதிமன்றம் சொல்ல 1978 ஆகிவிட்டது.

ஆனாலும் தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு குண்டர் சட்டத்தில், விசாரணையின்றி ஒருவரை ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். பாரதியார் காலத்துக் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை.