ஓவராயில்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. கொஞ்சம் கொசுவத்தி சுத்தும், கொஞ்சம் கிரீஸ் ஒட்டும். பொறுத்துக்கங்க மக்களே :-)

பழைய சைக்கிளைப் பிரிச்சுப் பூட்டுறது ஏழெட்டு வருஷமா எனக்கு இருக்குற கிறுக்கு. தேனியில எங்க வீட்டு மொட்டை மாடில, தண்ணி டேங்குக்குக் கீழ விழுற நிழல்தான் பட்டறை. இதுவரைக்கும் அஞ்சு வண்டி முடிச்சாச்சு. காயலான் கடையில எடைக்கு வாங்குன ஹெர்குலிஸ் ரெண்டு, பி.எஸ்.ஏ. ஒண்ணு, அட்லஸ் ஒண்ணு, அப்புறம் ஸ்கூல்ல இலவசமா குடுத்து, மூலையில போட்டு துருப்பிடிச்ச லேடீஸ் சைக்கிள் ஒண்ணு. "இந்தக் காசுக்கு ஒரு மொபெட்டே வாங்கியிருக்கலாம்"ங்கிறது வீட்டம்மாவோட கருத்து. கணக்குப் பாத்தா அவங்க சொல்றது சரிதான். அதனால நான் கணக்கே பாக்குறதில்ல.

ஆறாவது வண்டிதான் இன்னிக்கு மேட்டர். தாத்தாவோட ராலே.

எங்க குடும்பத்துல இந்த ராலே ஒரு குலதெய்வம் மாதிரி. தாத்தா ஸ்கூல் வாத்தியார். வீடு சின்னமனூர், வேலை உத்தமபாளையம். போக பத்து கிலோமீட்டர், வர பத்து கிலோமீட்டர். 1955-ல மதுரையில ராலே வாங்கி, மீட்டர் கேஜ் ரயில்ல ஏத்திக் கொண்டாந்து தேனியில இறக்கி, அங்கருந்து வீரபாண்டி வழியா சின்னமனூருக்கு மிதிச்சே வந்தாராம். இந்தக் கதையை அப்பா வாயால ஒரு நூறு தடவையாவது கேட்டிருப்பேன். "சீமை வண்டிடா. நாட்டிங்ஹாம்ல செஞ்சது. உங்க தாத்தா ஏறிப் போனா சத்தமே கேக்காது. பெல்லு அடிச்சாத்தான் ஆளு வர்றதே தெரியும்."

ஆடி மாசம் கம்பம் பள்ளத்தாக்குல சைக்கிள் ஓட்டுனவங்களுக்குத் தெரியும். குமுளி கணவாய் வழியா இறங்குற காத்து அப்படியே மூஞ்சில அறையும். தாத்தாவுக்கு காலையில எதிர்க்காத்து, சாயங்காலம் பின்காத்து. "போறப்ப வாத்தியாரு, வர்றப்ப மைனர்"னு அப்பத்தா கிண்டல் பண்ணுமாம்.

தாத்தா 1989-ல தவறிட்டாரு. அதுக்கப்புறம் அப்பா கொஞ்ச வருஷம் ஓட்டுனாரு. அப்புறம் சின்னமனூர் வீட்டு மாட்டுக் கொட்டத்துல சாக்கு போத்திக் கெடந்துச்சு. போன வருஷம் பொங்கலுக்குப் போனப்ப அத்தைகிட்ட கேட்டு தேனிக்கு ஏத்திட்டு வந்துட்டேன். அத்தைக்கு வயசு 81. "பழசை எதுக்குப்பா நோண்டுற"ன்னுச்சு. அப்ப எனக்கு அது சாதாரணப் பேச்சாத்தான் பட்டுச்சு.

பிரிக்க ஆரம்பிச்சேன். மொதல்ல சீட்டு. தோல் சீட்டு, பக்கவாட்டுல புரூக்ஸ்னு முத்திரை. 1866-ல ஆரம்பிச்ச இங்கிலாந்துக் கம்பெனி. காஞ்சு கருவாடா கெடந்தாலும் கிழியல. தேன்மெழுகும் தேங்காண்ணெயும் உருக்கிக் கலந்து, கொஞ்சம் கொஞ்சமா தடவி ஒரு வாரம் விட்டேன். (ஒரேயடியா எண்ணெய் ஊத்திடாதீங்க, தோல் தொளதொளன்னு ஆயிடும்.) முன்கழுத்துல பித்தளை பேட்ஜ், நாரைத் தலையோட. புளியைக் கரைச்சுத் தேச்சதும் பளபளன்னு கண்ணு முழிச்சிருச்சு. பெல்லும் அப்படித்தான். ரிம்மை தண்ணி தொட்டு அலுமினிய ஃபாயில் வச்சுத் தேச்சா துரு போகும்னு தெரிஞ்சுக்கங்க, செலவே இல்லாத வைத்தியம்.

அடுத்து பெடல் தண்டை கழட்டணும். பழைய வண்டி எல்லாத்துலயும் கிராங்க்கை அச்சோட சேர்த்துப் பிடிக்கிறது காட்டர் பின்தான். துருவேறிப் போன காட்டரை சும்மா சுத்தியால அடிச்சா அடி மொத்தமும் உள்ள இருக்குற பால்ரஸ்ல இறங்கி கப்பு குழிவிழுந்துடும். பஜார்ல எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் சொல்லிக் குடுத்த வித்தை: கிராங்க்குக்குக் கீழ, காட்டரோட தலை உள்ள நுழையுற மாதிரி ஒரு இரும்புக் குழாயை தரையிலருந்து முட்டு குடுத்துட்டு, மேல மரையில நட்டை கொஞ்சம் விட்டு வச்சு, ஒரே அடி. அடி தரைக்குப் போயிடும், காட்டர் கீழ வந்துடும். வந்துச்சு.

உள்ள பி.பி. கப்பு ரெண்டும் அம்மைத் தழும்பு மாதிரி குழி. பக்கத்துக்கு பதினோரு பால்ரஸ், கால் இஞ்ச். அதுலயும் பாதி உடைஞ்சு கெடக்கு. புதுக் கப்பு போட்டே ஆகணும்.

இங்கதான் நம்ம புத்திசாலித்தனம் ஆரம்பிக்குது. சைக்கிள் உலகத்துல ராலே ஒரு தனி ஜாதி. மத்த இங்கிலீஷ் வண்டிக எல்லாத்துக்கும் பி.பி. கப்புல ஒரு இஞ்சுக்கு 24 மரைன்னா, ராலே மட்டும் தன் ஃபேக்டரிக்குன்னு 26 மரை வச்சிருந்தான். நம்மூர்க் கடையில கெடைக்கிறது 24. அது ராலேல ஒண்ணு ரெண்டு சுத்து ஏறி இறுகிக்கும். அதுக்கு மேல முறுக்குனா பிரேமோட மரையே போயிடும். 1887-ல ஆரம்பிச்ச கம்பெனி, நாட்டிங்ஹாம்ல 2002-ஓட சைக்கிள் செய்யறதையே நிறுத்திட்டான். கப்புக்கு எங்க போறது? நெட்ல தேடி, இங்கிலாந்துல ஒரு ஆள்கிட்ட 26 மரை கப்பு ஒரு ஜோடி வாங்குனேன். கூரியர், கஸ்டம்ஸ் எல்லாம் சேத்து என்ன ஆச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் வீட்ல சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க.

பார்சல் வந்த அன்னிக்கு ராத்திரியே மாடிக்கு ஓடுனேன். வலது பக்கக் கப்பு தலைகீழ் மரைங்கிறது தெரியும், அதனால இடது பக்கமா திருப்பி ஏத்துனேன். ஒரு சுத்து. இறுகிருச்சு. கழட்டி, மண்ணெண்ணெய் ஊத்தித் தொடச்சு, திரும்ப. ஒரு சுத்து. இறுகிருச்சு. பெயிண்ட் அடைச்சிருக்கும்னு பிரஷ்ஷால சுரண்டி, திரும்ப. ம்ஹூம்.

அப்ப கையில சும்மா கெடந்த பஜார் கப்பை, ஒரு வெறுப்புல, எடுத்து வச்சுத் திருப்புனேன். வெண்ணெய் மாதிரி போச்சு. ஸ்பேனரே வேணாம், விரலாலயே கடைசி மரை வரைக்கும் போச்சு.

அப்படியே உக்காந்துட்டேன்.

அப்புறம்தான் கண்ணு தொறந்துச்சு. ராலே செயின் வீல்ல நாரைத் தலை வெட்டியிருக்கும். இதுல சாதா வீல். தேஞ்சு போய் மாத்தியிருப்பாங்கன்னு நெனச்சிருந்தேன். ராலே ஃபோர்க்குல ரெண்டு தோள்லயும் குமிழ் வச்ச மாதிரி இருக்கும். இதுல இல்ல. எங்கயாவது முட்டி ஃபோர்க் மாத்தியிருப்பாருன்னு விட்டுட்டேன். பேட்ஜ் ரிவெட்ல இல்லாம ரெண்டு பித்தளை ஸ்குரூல நின்னுச்சு. அதுக்கும் ஒரு சமாதானம் வச்சிருந்தேன். ராலேன்னு மனசுல முடிவு பண்ணிட்டா, ராலே இல்லாததெல்லாம் "அப்புறம் மாத்துனது" ஆயிடுது பாருங்க.

மறுநாள் பிரேமை தோள்ல போட்டுக்கிட்டு மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "இது லூதியானா பிரேமு தம்பி. அப்பல்லாம் கடைக்காரவுக பிரேம் தனியா, ரிம் தனியா வரவழைச்சு, வண்டி பூட்டிக் குடுப்பாக. பேட்ஜ் மட்டும்தான் ராலே. யாரோ உங்க தாத்தாவை ஏமாத்திப்புட்டாக."

எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல. முப்பது வருஷத்துக்கு மேல காத்துல மிதிச்ச மனுசனை ஒரு கடைக்காரன் ஏமாத்திட்டானே! அந்த ஞாயித்துக்கிழமையே சின்னமனூர் போய் அத்தைகிட்ட கேட்டேன். "தாத்தா ராலேயை எந்தக் கடையில வாங்குனாரு?"

அத்தை ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "நோண்டாதன்னு அப்பவே சொன்னேன்ல"ன்னுச்சு.

1965-ல அப்பா பி.யூ.சி. சேர மதுரை போனாரு. சேர்த்தாச்சு. ஹாஸ்டலுக்குக் கட்டப் பணம் இல்ல. அப்பத்தாவோட தோடு ஏற்கனவே அடகுல. தாத்தா ஒரு நாள் காலையில ராலேயை எடுத்துட்டுப் போனாரு, சாயங்காலம் பஸ்ல வந்தாரு. போடியில ஒரு ஏலக்காய் யாவாரிகிட்ட வித்துட்டாரு. விக்கிறதுக்கு முன்னாடி மூணே மூணு சாமானை மட்டும் கேட்டு வாங்கி வச்சுக்கிட்டாராம். சீட்டு, பெல்லு, பேட்ஜ்.

"அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போனாரு?"

"நாலு மாசம் பஸ்சு. பஸ்சை விட்டா நடை. கேட்டவங்களுக்கெல்லாம் சைக்கிளு ஓவராயிலுக்கு விட்டிருக்குன்னு சொன்னாரு. நாலு மாசமா என்ன வாத்தியாரே ஓவராயிலுன்னு ஊரே சிரிச்சுச்சு. தீவாளிக்கு உங்கப்பன் லீவுக்கு வர்றதுக்குள்ள இதை பூட்டி வாங்கி, மூணு சாமானையும் மாட்டி நிப்பாட்டிட்டாரு. உங்கப்பனுக்கு இது தெரியாது. தெரிஞ்சா படிப்பை விட்டுட்டு வந்துருவான்னு எங்ககிட்ட சத்தியம் வாங்குனாரு. நீயும் சொல்லிறாத."

தேனிக்குத் திரும்பி வர்ற வழி பூரா என் கைப்பை கனத்துச்சு. அதுல பேட்ஜ் இருந்துச்சு.

அப்பா எங்ககூடத்தான் இருக்காரு. வயசு 77. மூட்டுவலி, மாடி ஏற மாட்டாரு. கீழ உக்காந்தபடியே தினமும் கேப்பாரு, "ராலே எந்த அளவுல இருக்கு?" அதுவரைக்கும் கடகடன்னு பதில் சொன்ன எனக்கு, அன்னியிலருந்து வாய் வரல. "ஓடிக்கிட்டு இருக்குப்பா"ன்னு நழுவிருவேன்.

வேலையை மட்டும் நிப்பாட்டல. இங்கிலாந்துக் கப்பை டப்பாவுல போட்டு மூடிட்டேன். பஜார் கப்பு, புது பால்ரஸ், கிரீஸ். பின்வீல்ல 40 போக்ஸ் கம்பி, முன்வீல்ல 32, எல்லாம் புதுசா கட்டி பெண்டு எடுத்தேன். பெயிண்ட் அடிக்கல. பழைய கறுப்பையே தொடச்சு மெழுகு போட்டேன். பேட்ஜ்தான் பிரச்சனை. மாட்டுனா பொய். மாட்டலைன்னா அப்பா கேப்பாரு. ரெண்டு மூணு நாள் கையில வச்சுக்கிட்டு சுத்துனேன்.

கடைசியில பேட்ஜ் இல்லாமலே வண்டியை கீழ இறக்கி, ஸ்டாண்டு போட்டு அவர் முன்னாடி நிப்பாட்டுனேன். அப்பா பெடலை கையால ஒரு சுத்து சுத்தி விட்டாரு. வீல் நிக்காம ஓடுச்சு. சீட்டைத் தடவுனாரு. பெல்லை அடிச்சாரு. அப்புறம் முன்கழுத்தைப் பாத்தாரு.

"பேட்ஜ் எங்க?"

"அது... இன்னும் மாட்டலப்பா."

என் மூஞ்சியையே கொஞ்ச நேரம் பாத்தாரு. "ஏன்? பிரேம் ராலே இல்லன்னு தெரிஞ்சு போச்சா?"

எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு.

"குரங்குப் பெடல் போட்டு அந்த ராலேலதான்டா நான் சைக்கிளே பழகுனேன். தீவாளி லீவுல இதுல ஏறி ரெண்டு மிதி மிதிச்சதுமே தெரிஞ்சிருச்சு. எங்கப்பா வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. நான் ராஜவாய்க்கால் வரைக்கும் ஓட்டிட்டுத் திரும்பி வந்து, ஓவராயில் நல்லா பண்ணியிருக்காங்கப்பான்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?"

அவ்வளவுதான். இருபத்தி நாலு வருஷம் ரெண்டு பேரும் ஒரே வீட்ல, ஒரே வண்டியைத் தொடச்சு, எண்ணெய் விட்டு, அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசாமலே இருந்திருக்காங்க. ஊர் உலகத்துக்கெல்லாம் சீமை வண்டின்னு அப்பா சொன்ன நூறு கதையும் தெரிஞ்சே சொன்னதுதான்.

"மாட்டுடா. எங்கப்பா மாட்டி வச்சதை நீ எதுக்குக் கழட்டுற?"ன்னாரு.

அதே ரெண்டு பித்தளை ஸ்குரூவைப் போட்டே மாட்டிட்டேன். வாரத்துல ரெண்டு நாள் காலையில வீரபாண்டி வரைக்கும் ஓட்டிட்டு வர்றேன். டீக்கடையில யாராவது பேட்ஜைப் பாத்துட்டு "ராலேவா சார்?"னு கேட்டா, "ஆமாங்க, எங்க தாத்தாவோடது"ங்கிறேன். அத்தைகிட்ட மட்டும், அப்பாவுக்குத் தெரியும்ங்கிறதை இன்னும் சொல்லல. அறுபது வருஷமா காப்பாத்துன சத்தியம். அதை எப்படி உடைக்கிறதுன்னு தெரியல.

பி.கு: காட்டர் ரெண்டையும் மாட்டும்போது ஒண்ணு மேலருந்துன்னா இன்னொண்ணு கீழருந்து போகணும். ஒரே பக்கமா போட்டா ரெண்டு பெடலும் நேர்க்கோட்டுல நிக்காது, நொண்டும். அப்புறம், வீட்டு சைக்கிளைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி வீட்ல இருக்குற பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. கூரியர் செலவாவது மிச்சம் :-)