வீட்டின் கணக்கும் வேலையாளின் கூலியும்



கிட்வாய் நகரில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஒரு பெரிய சலுகை உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் தகவல் தொடர்புத் துறை அமைச்சராயிருந்த ரஃபி அகமது கிட்வாயின் பெயரால் வழங்கும் இவ்விடம், மத்திய அரசு ஊழியர்களுக்காக எழுப்பப்பட்ட குடியிருப்பு. கிழக்குக் கிட்வாய் நகரின் 86 ஏக்கர் பரப்பில் இருந்த 2,400-க்கும் மேற்பட்ட பழைய வீடுகளை அகற்றிவிட்டு, அரசுக் கட்டுமான நிறுவனமான என்.பி.சி.சி. அங்கே 4,600-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்ட உயரமான அடுக்குமாடிகளைக் கட்டியிருக்கிறது. வீடு பழையதோ புதியதோ, சுவரும் குழாயும் அரசினுடையவை. பழைய வீடுகளில் குழாய் ஒழுகினால் மத்தியப் பொதுப்பணித் துறையின் அலுவலகத்தில் புகார் எழுதுகிறோம். சில நாள் தாமதமானாலும் யாரோ ஒருவர் கருவிப் பையோடு வந்து பழுதுபார்த்துவிட்டுப் போகிறார். நாம் அவருக்குத் தேநீர் கொடுக்கிறோம், கூலி கொடுப்பதில்லை.

இந்தச் சலுகைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. முப்பது ஆண்டுகள் இப்படி வாழ்ந்தவர், ஒரு கொத்தனாரையோ குழாய் வேலைக்காரரையோ தம் சொந்தப் பணத்தில் அமர்த்திய அனுபவமே இல்லாமல் ஓய்வு பெறுகிறார். கைக்கு வந்த பணிக்கொடையைக் கொண்டு துவாரகாவிலோ மயூர் விஹாரிலோ தில்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய பழைய அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்குகிறார். குடிபோகும் முன் குளியலறையையும் சமையலறையையும் புதுப்பிக்க விரும்புகிறார். அப்பொழுதுதான் வேதனை ஆரம்பமாகிறது. "ஐயா, ஒரு லட்சம் என்றார்கள், இரண்டு லட்சம் முடிந்தும் வேலை முடியவில்லை. ஏமாற்றிவிட்டார்கள்" என்று என்னிடம் சொன்ன குடும்பங்கள் பல.

ஏமாற்றுகிறவர்கள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் பல வீடுகளில் கணக்கைக் கேட்டுப் பார்த்தபோது நான் கண்டது வேறு. முதலில் சொல்லப்பட்ட தொகை அந்த வேலையின் விலையே அல்ல. அது நாம் கேட்க விரும்பிய தொகை. மெய்யான விலை மறைந்து நின்றது; பின்னால் யாரோ ஒருவர் அதைச் சுமக்க நேர்ந்தது.

நாற்பது சதுர அடி என்னும் மாயை

ஓர் உதாரணம் சொல்லுகிறேன். 5 அடி அகலமும் 8 அடி நீளமும் உள்ள குளியலறையை எடுத்துக்கொள்ளுங்கள். "நாற்பது சதுர அடிதானே" என்று நம் மனம் கணக்கிடுகிறது. அதன் நான்கு சுவர்களின் சுற்றளவு 26 அடி. 7 அடி உயரத்திற்கு டைல்ஸ் பதித்தால் 182 சதுர அடி. கதவுக்கு 17 சதுர அடி கழித்தால் 165. தரையின் 40-ஐக் கூட்டினால் 205. வெட்டும்போதும் உடையும்போதும் சேதமாவதற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 225 சதுர அடி வாங்க வேண்டும். நாற்பது என்று நினைத்தது இருநூற்று இருபத்தைந்தாகிவிட்டது. இதில் யாரும் ஏமாற்றவில்லை.

இனி இடிபாட்டைப் பாருங்கள். தில்லியில் அதை மல்பா என்பார்கள். சுவரில் பழைய ஓடும் பூச்சுமாக ஓரங்குலமும், தரையில் மூன்று அங்குலமும் கொத்தி எடுத்தால் ஏறக்குறைய 24 கன அடி. உதிர்ந்தபின் அது இன்னும் பெருகும். 25 சிமெண்ட் சாக்குகளுக்குக் குறையாது. எடையோ ஒரு டன்னுக்கு மேல். மூன்றாம் மாடியிலிருந்து மின்தூக்கி இல்லாத படிகளில் இதை ஒருவர் தோளில் சுமந்து இறக்க வேண்டும். பிறகு மணலும் சிமெண்டும் டைல்ஸும் அதே படிகளில் ஏற வேண்டும். இறக்கிய மல்பாவை வண்டி வைத்து மாநகராட்சி குறித்த இடத்திற்கு அனுப்ப வேண்டும். முதலில் சொல்லப்படும் தொகையில் இந்தச் சுமை கூலி அநேகமாக இருப்பதில்லை. கேட்டால், "அது தனி" என்பார்கள்.

மூன்றாவதாக, இடித்தபின்பு தெரியவருபவை. முப்பது, நாற்பது ஆண்டுப் பழைய வீடுகளில் சுவருக்குள் ஓடுவது பெரும்பாலும் ஜி.ஐ. இரும்புக் குழாய். ஓட்டை அகற்றியதும் துரு கண்ணில் படும். அதை அப்படியே மூடிப் புது டைல்ஸ் பதித்தால் சில ஆண்டுகளில் கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் இறங்கும். ஆகவே பழைய வீட்டில் கை வைக்கிறவர், மதிப்பிட்ட தொகைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கையாவது தனியாக எடுத்து வைப்பது விவேகம்.

ஒப்பந்தக்காரரின் பங்கு

டேக்கேதார் என்று நாம் அழைக்கும் ஒப்பந்தக்காரர் இடையில் இருந்து கொள்ளையடிக்கிறார் என்பது பொதுவான எண்ணம். 1854-இல் தொடங்கிய மத்தியப் பொதுப்பணித் துறை, தில்லி விலைப்பட்டியல் என்று ஒன்றை வெளியிட்டு வருகிறது. ஒவ்வொரு வேலைக்கும் பொருள் எவ்வளவு, ஆட்கூலி எவ்வளவு என்று கூட்டி, தண்ணீருக்கு 1 விழுக்காடும், ஒப்பந்தக்காரரின் இலாபத்திற்கும் மேற்செலவுக்குமாக 15 விழுக்காடும் சேர்த்தே அதில் விலை குறிக்கிறார்கள். ஆட்களைத் திரட்டுவதும், மேற்பார்வை பார்ப்பதும், ஒருவர் வராத நாளில் மற்றொருவரைக் கொண்டுவருவதும் வேலைதான் என்று அரசாங்கமே ஒப்புக்கொள்ளுகிறது.

இந்தப் பங்கே இல்லாததுபோலத் தோன்றும் மிகக் குறைந்த விலையோடு ஒருவர் வந்தால் மகிழ வேண்டாம், கேள்வி கேளுங்கள். எந்த ஒப்பந்தக்காரரும் இலாபமின்றி வேலை செய்வதில்லை. அது கலவையில் குறைந்த சிமெண்டிலிருந்து வரலாம். குழாயின் தரத்திலிருந்து வரலாம். எல்லாவற்றிலும் எளிதாக, சித்தாளின் கூலியிலிருந்து வரலாம்.

நாட்கூலி என்பது என்ன?

2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த தில்லி அரசின் அறிவிப்பின்படி, பயிற்சியற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலி மாதம் 18,456 ரூபாய். திறன் பெற்ற தொழிலாளிக்கு 22,411 ரூபாய். 26 நாட்களால் வகுத்தால் முறையே 710, 862 ரூபாய் வருகிறது. காலையில் லேபர் சவுக் எனப்படும் நாற்சந்தியில் கருவியோடு நிற்கிற மிஸ்திரிக்கு 26 நாளும் வேலை கிடைப்பதில்லை. 18 நாள் கிடைத்தால் 862 ரூபாய் வீதம் அவர் கையில் சேர்வது 15,516 ரூபாய். அதிலிருந்தே வாடகையும், கருவியும், பீகாரிலோ வங்காளத்திலோ இருக்கிற குடும்பத்திற்கு அனுப்பும் பணமும். அவரிடம் நாம் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேரம் பேசுகிறோம். அதே மாலையில் கோட்லா முபாரக்பூர் கடைத்தெருவில் ஒரு குழாய்க்குக் குறித்த விலையைக் கேள்வியின்றிக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

இதை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. என் தகப்பனார் திருநெல்வேலிச் சீமையில் கொத்தனாராயிருந்தவர். சனிக்கிழமை சம்பள நாள். "திங்கட்கிழமை பார்க்கலாம்" என்று வீட்டுக்காரர் சொல்லி அனுப்பிய சனிக்கிழமைகளில், அவர் கரணையையும் ரசமட்டத்தையும் கழுவித் துடைத்து மூலையில் வைத்துவிட்டு, யாரோடும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். மளிகைக் கடைக்காரரிடம் கடன் சொல்ல அம்மா என்னைத்தான் அனுப்புவார்கள். அந்த வீட்டுக்காரர் கெட்டவர் அல்லர். அவருக்கு அது இரண்டு நாள் தாமதம். எங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு.

சில ஆண்டுகளுக்கு முன் துவாரகாவில் நம் சபைக் குடும்பம் ஒன்று வீட்டைப் புதுப்பித்தது. ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு காரணம் சொல்லி முழுத் தொகையையும் முன்னதாகவே வாங்கிக்கொண்டார். வேலை ஒருவாறு முடிந்தது. பத்து நாள் கழித்து, இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பையன் வாசலில் வந்து நின்றான். சுவர் இடித்தவன் அவன்தான். ஆறு நாள் கூலி வரவில்லை. ஒப்பந்தக்காரர் தொலைபேசியை எடுப்பதில்லை. வீட்டுத் தலைவர் கணக்குப் புத்தகத்தைக் காட்டி, "நான் முழுவதும் கொடுத்துவிட்டேனே" என்றார். அது உண்மை. பையனுக்குக் கூலி கிடைக்கவில்லை என்பதும் உண்மை. அன்றிரவு அந்த அம்மா என்னிடம் கேட்டார்கள்: "பாஸ்டர் ஐயா, நாங்கள் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம்?" நான் பதில் சொல்லுமுன் அவர்களே தீர்மானித்துவிட்டார்கள். மறுநாள் பையனைக் கூப்பிட்டு ஆறு நாள் கூலியைக் கொடுத்தார்கள். எல்லாக் குடும்பத்தாலும் இரண்டு முறை கொடுக்க இயலாது என்பதை அறிவேன். ஆகவேதான் அந்த நிலை வராமல் முன்னமே ஒழுங்கு செய்ய வேண்டும்.

காலத்திற்கும் விலை உண்டு

மிஸ்திரி "ஹோ ஜாயேகா" என்றால் ஆகிவிடும் என்று பொருள். என்றைக்கு என்று அதில் இல்லை. ஆனால் தாமதம் எல்லாமே சோம்பலால் வருவதன்று. புதுப் பூச்சை ஏழு நாளாவது நனைத்து வைக்க வேண்டும். குளியலறைத் தரையில் நீர்க்காப்புச் செய்தபின் 24 மணி நேரமாவது தண்ணீர் தேக்கிச் சோதிக்க வேண்டும். புதுச் சுவர் நன்றாகக் காயுமுன் வர்ணம் அடித்தால் அது உரிந்துவிடும். சீக்கிரம் முடித்தாக வேண்டும் என்று நாம் நிர்ப்பந்திக்கும்போது, விட்டுவிடப்படுவது இந்த நாட்கள்தான்.

தில்லிக்கு மற்றொரு காரியமும் உண்டு. குளிர்காலத்தில் காற்றின் தரக் குறியீடு 400-ஐத் தாண்டும்போது, தூசி எழுப்பும் இடிப்பு வேலைகள் நிறுத்தப்படுகின்றன. நமக்கு அது அசௌகரியம். கூலியாளுக்கு அடுப்பு அணைகிறது. 2024-ஆம் ஆண்டுத் தடைக்காலத்தில் உச்ச நீதிமன்றம் தலையிட்டபின்பே, பதிவு செய்திருந்த 90,000-க்கும் மேற்பட்ட கட்டடத் தொழிலாளருக்குத் தலா 8,000 ரூபாய் கிடைத்தது. பதிவு செய்யாதவர்களுக்கு அதுவும் இல்லை. சத் பூஜைக்கும் ஹோலிக்கும் பெரும்பாலோர் ஊருக்குப் போய்விடுவார்கள்; தீபாவளிக்கு முன் வர்ணம் அடிக்க ஆள் கிடைப்பது அரிது. எனவே இடிக்கும் வேலையைப் பிப்ரவரிக்குப் பின், ஹோலியையும் மனதில் வைத்து, மழைக்கு முன் முடிக்கத் திட்டமிடுவது நல்லது.

செய்ய வேண்டியவை

1. மூன்று பேரிடம் விலை கேளுங்கள். மூவருக்கும் ஒரே பட்டியலைக் கொடுங்கள். இல்லாவிட்டால் மூன்று விலைகளும் மூன்று வெவ்வேறு வேலைகளின் விலையாயிருக்கும்.

2. பொருள், கூலி, மாடிச் சுமை, மல்பா அகற்றுதல் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி வாங்குங்கள். பொருளின் நிறுவனப் பெயரும் தரமும் எழுத்தில் இருக்கட்டும்.

3. அளவெடுக்கும் முறையை முன்னமே பேசுங்கள். சுவர்ப் பூச்சிலும் வர்ணத்திலும் கதவு, ஜன்னல்களைக் கழிப்பதா இல்லையா என்பதில்தான் கடைசி நாள் சண்டை வருகிறது.

4. பழைய மதிப்பீட்டை நம்ப வேண்டாம். சிமெண்டின் மீதான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. விலை ஏறவும் கூடும். வாங்கும் நாளில் விசாரியுங்கள்.

5. முன்பணம் பத்தில் இரண்டு பங்குக்கு மேல் வேண்டாம். இடிப்பு, குழாய், டைல்ஸ், பூச்சு என்று வேலை முடிந்த அளவுக்குப் பணம் கொடுங்கள்.

6. கடைசிப் பத்தில் ஒரு பங்கை நிறுத்தி வையுங்கள். அதைக் கொடுக்குமுன், வேலை செய்தவர்களை நேரில் கூப்பிட்டு, "உங்கள் கூலி வந்ததா?" என்று கேளுங்கள். இந்த நிபந்தனையை ஒப்பந்தக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நேர்மையானவர் இதற்கு வருத்தப்பட மாட்டார்.

7. நீங்களே நேரடியாக நாட்கூலிக்கு அமர்த்தினால், அன்றைய கூலியை அன்று மாலையே கொடுத்துவிடுங்கள்.

8. அரசுக் குடியிருப்பில் இருக்கிறவர்கள் அனுமதியின்றிச் சுவரை இடிக்கவோ கூட்டவோ வேண்டாம். அங்கே நாம் செலவிடுவது நம்மோடு வராது. ஒதுக்கீடே ரத்தாகவும் கூடும்.

ஒரு ராஜாவின் வீடு

செலவைக் கணக்கிடுவதைப் பற்றிப் பேசும்போது, கோபுரம் கட்ட நினைத்தவனின் உவமையை நாம் எல்லாரும் நினைக்கிறோம். அதைவிட நெருக்கமான ஒரு பகுதி எரேமியாவின் 22-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. யோசியாவின் குமாரனாகிய யோயாக்கீம் தன் அரண்மனையைப் பெரிதாக்கினான். காற்றோட்டமான மேல் அறைகள், புது ஜன்னல்கள், கேதுரு மரவேலை, சிவப்பு வர்ணம் என்று அந்தப் பட்டியல் நம் காலத்து வீட்டுப் புதுப்பிப்பைப் போலவே இருக்கிறது. தீர்க்கதரிசி அவனைக் கண்டித்தது ஜன்னலுக்காகவும் வர்ணத்துக்காகவும் மட்டுமல்ல. வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடாமற் போனதற்காக. அவன் தகப்பனும் நன்றாகத்தான் வாழ்ந்தான், ஆனால் நியாயம் செய்தான் என்று அந்தப் பகுதி நினைப்பூட்டுகிறது. நல்ல வீட்டில் வாழ்வது குற்றமல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவு வேண்டியதில்லை.

அன்பானவர்களே, உங்கள் வீடு அழகாயிருக்கட்டும். குழாய் ஒழுகாமலும் சுவர் ஓதம் காணாமலும் இருக்கட்டும். மலிவான விலை என்று ஒருவர் சொல்லும்போது, மீதியை யார் கொடுக்கப்போகிறார் என்று ஒரு முறை கேளுங்கள். வீட்டுப் பிரதிஷ்டைக்குச் சபையாரை அழைக்கும் முன், அந்தச் சுவரைக் கட்டினவரின் கணக்கு தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். அவரையும் அன்று விருந்துக்கு அழைக்க முடிந்தால் இன்னும் நல்லது.