நிறம் சொல்லும் ஆழம்

எண்களுக்கு நிறமில்லை, நாமே அவற்றுக்கு நிறத்தை அளிக்கின்றோம். அளிப்பவர் அதனோடு ஒரு பொறுப்பையும் ஏற்றுக்கொள்கின்றார். சுந்தா அகழியை அண்டிய புவிநடுக்கத் தரவுகளைக் கணினியில் வரையுந்தோறும் இவ்வெண்ணம் என்னுள் வலுப்பெற்று வந்துள்ளது.

ஒவ்வொரு நடுக்கமும் தோன்றிய இடத்தை அகலக்கோடு, நெடுங்கோடு, ஆழம் என்னும் மூன்று அளவீடுகளாற் குறிப்பர். முதலிரண்டையும் மாத்திரம் தாளிற் குறித்தால், சுமாத்திராவையும் யாவாவையும் சூழ்ந்து புள்ளிகள் மணலை இறைத்தாற்போற் சிதறிக் கிடக்கும். ஆழத்துக்கேற்ப ஒவ்வொன்றுக்கும் நிறமிட்டதும் அச்சிதறலில் ஓர் ஒழுங்கு தென்படுகின்றது. அகழியருகே உள்ளவை ஆழங் குறைந்தவை. யாவாவின் கீழே வடக்கு நோக்கிச் செல்லச் செல்ல ஆழம் மிகுந்து, யாவாக் கடலின் அடியில் 600 கிலோமீற்றரையும் தாண்டுகின்றது. நிறங்கள் வரிசையாக மாற, பூமியினுள்ளே சரிந்திறங்கும் பாறைத் தட்டொன்றின் வடிவம் கண்முன் எழுகின்றது. யப்பானிய அறிஞர் கியோ வடாதி 1928 இல் ஆழ்ந்த நடுக்கங்கள் உண்டென நிறுவினார். 1935 இல் அவற்றின் சம ஆழக் கோடுகளை வரைந்தார். கணினி இல்லாத அக்காலத்தில் அவர் கோடுகளாற் காட்டிய அத்தகைய சரிவையே இன்று நிறப்புள்ளிகள் காட்டுகின்றன.

ஆயின் நிறம் பொய்யுரைக்கவும் வல்லது. நெடுங்காலம் வழக்கிலிருந்த வானவில் வரிசையில் மஞ்சள் ஏனைய நிறங்களினும் ஒளி மிக்கது. ஆகவே, ஆழம் சீராக மாறும் இடத்திலும் ஏதோவோர் எல்லை இருப்பதாகக் கண் மயங்கும். செந்நிறத்தையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோர்க்கு வெவ்வேறு ஆழங்கள் ஒன்றுபோலவே தோன்றும். இக்குறைகளைத் தவிர்க்கவே கருநீலத்திலிருந்து மஞ்சள்வரை ஒளி சீராக ஏறிச்செல்லும் 'விரிடிஸ்' என்னும் வரிசை 2015 இல் ஆக்கப்பட்டது. ஆய்வாளர் பலர் கையாளும் 'மட்புளொட்லிப்' என்னும் வரைபு மென்பொருள் 2017 இல் வானவில்லைக் கைவிட்டு இதனை ஏற்றுக்கொண்டது.

நிறவரிசை எத்துணை நேர்மையானதாயினும், அப்படத்தில் ஒரு புள்ளியைக் கடந்து செல்வது எனக்கு எளிதன்று. அது 2004 டிசெம்பர் 26 ஆம் நாளின் நடுக்கம். ஆழம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். ஆதலின் எவருக்கும் தீங்கிழைக்காத எண்ணற்ற அயற்புள்ளிகளின் நிறமே அதற்கும். பருமனை 9.1 என அறிந்து புள்ளியைப் பெரிதாக்கலாம். எனினும் அப்புள்ளி பிளவு தொடங்கிய இடத்தை மாத்திரமே சுட்டும். பிளவோ 1,200 கிலோமீற்றருக்கு மேல் நீண்டது. எழுந்த அலைகள் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலங்களில் எமது கிழக்குக் கரையை அடைந்தன. இந்நாட்டில் மாத்திரம் 30,000 இற்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இதனாற் படம் பொய்யாகிவிடாது. ஆழம் யாது எனக் கேட்டோம். அது ஆழத்தைக் கூறிற்று. கேளாத வினாவுக்கும் விடை கிடைத்துவிட்டதாக எண்ணி அமைவதிலேயே ஆபத்து உள்ளது. படத்தின் ஓரத்தில் எந்நிறம் எவ்வளவைக் குறிக்கும் என எழுதுவது எமது வழக்கம். அந்நிறம் எதனைக் கூறவில்லை என்பதையும் அதன் கீழ் ஒரு வரியிற் சேர்த்தெழுதுமாறு மாணவரிடம் நான் கேட்டு வருகின்றேன்.