துறையூரில் ஒரு மதியச் சாப்பாடு

திருச்சி,
ஜூலை 2025

மச்சான்,

ஹட்டன்ல மழை விட்டிருச்சா? இங்க ராத்திரியும் சுவர் சுடுது. கம்பளி போர்த்தித் தூங்க அவ்வளவு ஆசையா இருக்கு.

நான் கிளம்புறப்போ லயத்துல எல்லாரும் என்ன சொன்னாங்க? சொந்த ஊருக்குத்தானே போறேன்னு. அப்படி இல்லடா. பிறப்புச் சான்றிதழ்ல 'இந்தியத் தமிழர்'னு இருக்கிற நான், இங்க படிக்க வந்து 14 நாளைக்குள்ள வெளிநாட்டவனாப் பதியணும். ஹாஸ்டல்ல முதல் கேள்வியே "யாழ்ப்பாணமா?"தான். மலையகத் தேயிலைத் தோட்டம்னா முழிக்கிறாங்க. 1948ல நம்ம ஆளுங்க குடியுரிமை போனது தெரியாது. 1964ல சிறிமாவும் சாஸ்திரியும் நம்மளைப் பங்கு போட்டு, அஞ்சேகால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கிறதா எழுதிக்கிட்டதும் தெரியாது. எனக்கு அது ரொம்ப வலிக்குது.

போன ஞாயிறு ரூம்மேட் துறையூர்ப் பக்கம் அவன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனான். எங்க தாத்தா சாகுற வரைக்கும் சொல்லிட்டிருந்த பேரு இல்லையா, ஆசையாப் போனேன். இலை போட்டு மொச்சைக் குழம்பு, கருவாடு. அவன் பாட்டி எதிர்ல உக்காந்து வெத்தலைக் காம்பைக் கிள்ளிக்கிட்டே, "பூர்வீகம் எந்த ஊரு தம்பி? என்ன வகையறா?"ன்னாங்க.

எதைக் கேக்குறாங்கன்னு புரியாமலா இருக்கும்? நம்ம தோட்டத்துலயும் சாதி இருக்கு, கலியாணப் பேச்சு எடுத்தா வெளிய வரும். ஆனா சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவன்கிட்ட கேக்குறது என்ன நியாயம்? துறையூர்ப் பக்கம்னு மட்டும் சொன்னேன். எந்தக் கிராமம்னு தாத்தாவுக்கே தெரியாது. பாட்டி விடல. "குலசாமியாச்சும் சொல்லு."

ரோதமுனின்னேன்.

காம்பு கிள்ளுறதை நிறுத்திட்டாங்க. ஸ்டோர்ல, அதான் தேயிலை ஃபேக்டரியில, ஓடுற ரோதைச் சக்கரத்துக்குக் காவல் இருக்கிற முனி, மெஷின்ல யார் கையும் சிக்கக்கூடாதுன்னு பூசை வைப்போம், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுறப்போ கவ்வாத்துச் சாமி கும்பிடுவோம்னு சொல்லச் சொல்ல, வகையறாப் பேச்சே போயிருச்சு. அட்டை கடிக்குமா, இடுப்புல படங்கு எதுக்கு, கொழுந்து பறிக்க ஒரு நாளைக்கு என்ன கூலின்னு ஒவ்வொண்ணாக் கேட்டாங்க. 2024ல ஏத்தின 1,350 ரூபாயைச் சொன்னேன். இந்தியக் காசுல நானூறுகூட வராதுன்னதும், "எங்க நூறு நாள் வேலை மாதிரிதான்"னு பெருமூச்சு விட்டாங்க.

பஸ்ல வர்றப்போ யோசிச்சேன். நாலஞ்சு தலைமுறையைப் பொதைச்ச மண்ணு மலையிலதான் இருக்கு, சாமியும் அங்கேயே பொறந்துருச்சு. இனி பூர்வீகம் எதுன்னு யார் கேட்டாலும் ஹட்டன்னுதான் சொல்லப் போறேன்.

அடுத்து ஸ்டோர்ல ரோதமுனிக்குப் பூசை வச்சா ஒரு போட்டோ எடுத்து அனுப்புடா. பாட்டிக்குக் காட்டுறதாச் சொல்லியிருக்கேன்.