டிக்கெட் ஏத்தின கதை

டிக்கெட்னு சொன்னா நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டுதான் ஞாபகம் வரும். நான் சொல்லப் போறது அது இல்ல. ஒரு வேலை பாக்கி இருக்குன்னு எழுதி, நம்பர் போட்டு, முடியுற வரைக்கும் திறந்தே வைக்கிற டிக்கெட். கிட்ஹப்பில இதுக்கு இஷ்யூன்னு பேர்.

எங்க ஹாஸ்டல்ல ஒரு கம்ப்ளெய்ண்ட் நோட்டு உண்டு. வாசல் மேசையில, நூல் கட்டின பேனாவோட கிடக்கும். தேதி, ரூம் நம்பர், பேர், குறை. எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி வந்து பார்த்து, சரி பண்ணினதுக்கு டிக் அடிப்பார். பக்கம் புரண்டுட்டா பழைய குறை யார் கண்ணுலயும் படாது. இதை கிட்ஹப்புக்கு ஏத்திரலாம்னு நான் கிளம்பினேன். செகரட்டரி அண்ணனும் சரின்னார். ரெண்டு ராத்திரி உக்கார்ந்து 112 குறைகளை டைப் பண்ணி சிஎஸ்வி ஆக்கினேன்.

ஒவ்வொண்ணா பிரவுசர்ல போட்டா விடிஞ்சிரும். அதுக்குத்தான் கிட்ஹப்போட கமாண்ட் லைன் கருவி, ஜிஎச். இதோட 1.0 பதிப்பு 2020 செப்டம்பர்ல வந்தது. லாகின் பண்ணி, 'ஜிஎச் இஷ்யூ கிரியேட்'னு அடிச்சு, தலைப்பும் விவரமும் குடுத்தா ஒரு டிக்கெட் ரெடி. லேபிள் வேணும்னா முன்னாடியே உண்டாக்கி வைங்க. இல்லன்னா எரர் அடிக்கும். சிஎஸ்வியை மொத்தமா இழுத்துக்கிற கட்டளை அதுல கிடையாது. அதனால பைத்தான்ல ஒரு லூப் எழுதினேன்: ஒரு வரி படி, ஒரு டிக்கெட் போடு, ஒரு செகண்ட் சும்மா இரு. அந்த ஒரு செகண்ட் முக்கியம். மூச்சு விடாம அடிச்சா கிட்ஹப் நம்மள கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சிரும்.

லூப் ஓடிட்டு இருக்கும்போது கரண்ட் போச்சு, கூடவே வைஃபையும். திரும்பி வந்ததும் எத்தனை ஏறிச்சுன்னு பார்க்க 'ஜிஎச் இஷ்யூ லிஸ்ட்' அடிச்சேன். 30 வந்தது. சரி, 30 போயிருக்குன்னு 31ஆவது வரியில இருந்து மறுபடி ஓட விட்டேன். நாம எண்ணிக்கை சொல்லலன்னா அந்தக் கட்டளை 30தான் காட்டும்னு எனக்குத் தெரியாது. உண்மையில 74 ஏறியிருந்தது. ஆக 44 டிக்கெட் ரெண்டு தடவை. ரெப்போவை வாட்ச் பண்ணிட்டு இருந்த செகரட்டரி அண்ணனுக்கு ஒரே ராத்திரியில 156 மெயில்.

பதறிப் போய் இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரே தலைப்பு இருந்தா ஒண்ணை வச்சிட்டு மத்ததை மூடு. ஓடி முடிஞ்சது. 44 மூடியிருக்கணும், 61 மூடியிருந்தது. அந்தக் கணக்கை நான் பார்க்கவே இல்ல. சுத்தமாயிட்டுன்னு தூங்கப் போயிட்டேன்.

ஒரு வாரம் கழிச்சு 208ல இருக்கிற நண்பன் கையை உதறிக்கிட்டே வந்தான். சுவிட்ச் போர்டு ஷாக் அடிச்சிருக்கு.

"நான் நோட்டுல எழுதியிருந்தேன்லா? என் கம்ப்ளெய்ண்ட் எங்கலே?"

தேடினோம். 'சுவிட்ச் போர்டு ஷாக் அடிக்கு'ன்னு ரெண்டு ரூம்ல இருந்து குறை. 114 திறந்திருந்தது, அண்ணாச்சி வந்து சரியும் பண்ணிட்டார். 208 மூடிக் கிடந்தது. மூடினது நான்.

அவன் சின்னத்துறைக்காரன். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அன்னைக்கு எட்டாம் வகுப்பு. கடலுக்குப் போய் திரும்பாதவங்க பட்டியலை ஊர் ஊரா எழுதிட்டு இருந்தப்ப, அவன் அப்பாவும் எழுத உக்கார்ந்திருக்காங்க. திட்டுவான்னு நினைச்சேன். மெதுவாத்தான் சொன்னான்.

"எங்க ஊர்ல ஒரே பேருல அஞ்சாறு பேர் இருப்பாங்க மக்கா. பேரு, அப்பா பேரு, போட்டு பேரு, மூணும் கேட்டுத்தான் அப்பா எழுதினாங்க. பேரு ஒண்ணுதானேன்னு ஒரு வரியை அடிச்சா, ஒரு ஆளையே அடிச்ச மாதிரிலா."

எனக்குப் பதில் வரல. அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் நோட்டை விரிச்சு வச்சு, தப்பா மூடின 17ஐயும் கண்டுபிடிச்சு 'ஜிஎச் இஷ்யூ ரீஓப்பன்' போட்டு திறந்தோம். பிறகு ஸ்கிரிப்டை மாத்தினேன். உங்களுக்கும் உதவும்.

ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாளம் குடுங்க. நாங்க நோட்டோட பக்க எண்ணும் வரி எண்ணும் தலைப்பு முன்னாடி போட்டோம். ஒரு டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி அந்த அடையாளம் ஏற்கனவே இருக்கான்னு ஸ்கிரிப்ட் பார்க்கணும். அப்படிப் பார்க்கும்போது லிமிட்டை 500னு குடுங்க, மூடினதையும் சேர்த்துக் கேளுங்க. முதல் தடவை எதையும் ஏத்தாம, என்ன ஏத்தப் போகுதுன்னு திரையில மட்டும் அச்சடிச்சுப் பாருங்க. இன்னொண்ணு: ஏத்துற எல்லா டிக்கெட்டும் உங்க பேர்லதான் விழும். குறை சொன்ன ஆளோட பேரும் தேதியும் விவரத்துல முதல் வரியா இருக்கட்டும். பேருக்கு முன்னாடி அட் குறி போட்டுராதீங்க. அந்தப் பேர்ல உலகத்துல எங்கேயோ இருக்கிற யாருக்கோ மெயில் போகும்.

208 போர்டை மறுநாளே அண்ணாச்சி மாத்திட்டார். அந்த டிக்கெட்டை நான் மூடல. லேப்டாப்பை நண்பன்கிட்ட தள்ளினேன். சுவிட்சை நாலு தடவை போட்டுப் பார்த்துட்டு, 'ஜிஎச் இஷ்யூ க்ளோஸ்'னு அவனே அடிச்சான்.