அழுத்தியது என் கைதான்

பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்துச் சமுதாயக் கூடத்தில் பெண்களுக்கு யோகா சொல்லித் தருகிறேன். கட்டணம் கிடையாது. உடம்பை வளைக்கிற வேலையும் அதிகம் இல்லை. மூச்சைக் கவனிப்பது, கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்வது, அவ்வளவுதான். அந்த வகுப்பில்தான் ஒருவரை வதைத்தேன்.

ஜூன் 21 நெருங்கிக்கொண்டிருந்தது. சர்வதேச யோகா தினத்தன்று எல்லோரும் வரிசையாகப் பத்மாசனத்தில் உட்கார்ந்திருக்கும் போட்டோ எனக்கு வேண்டும். பெயர் வாங்கத்தான். வேறு காரணம் இல்லை.

அறுபதைத் தாண்டிய ஒரு அக்கா பின்வரிசையில் சுவரோடு சாய்ந்து, காலை நீட்டித்தான் உட்கார்வார். மூச்சுப் பயிற்சியில் அவரைப் போல் ஒன்றியவர் அங்கே யாரும் இல்லை. அதை நான் பார்க்கவில்லை. நீட்டிய கால்தான் கண்ணை உறுத்தியது. அன்று எல்லோர் முன்னாலும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து வலது காலை மடக்கினேன்.

"இதுக்கு மேல மடங்காது கண்ணு."

"மனசு வெச்சா மடங்கும்க்கா."

முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்தினேன். அவர் கத்தவில்லை. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். என் உள்ளங்கைக்கு அடியில் மூட்டு இறுகி எதிர்த்தது. அது தெரிந்த பிறகும் அழுத்தினேன். என் குற்றம் அந்த நொடியில் இருக்கிறது.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. எங்கள் மாவட்டத்தில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் புளூரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. தாண்டிய போர்த் தண்ணீரைத் தலைமுறையாகக் குடித்தவர்கள் நாங்கள். சின்ன வயதில் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும். வருடக்கணக்கில் குடித்தால் எலும்பில் படியும், மூட்டைச் சுற்றியுள்ள நார்கள் இறுகும். கழுத்து திரும்பாது, முழங்கால் மடங்காது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது. நல்ல தண்ணீர் இனி புளூரைடு சேர்வதைத் தடுக்கும். ஏற்கெனவே இறுகிய மூட்டை அது இளக்காது. என் முன்பல்லிலேயே அந்தக் கறை இருக்கிறது. போதாததற்கு, தன் முழங்காலைப் பற்றி டாக்டர் சொன்னதை வகுப்பில் சேர்ந்த அன்றே அக்கா என்னிடம் சொல்லியிருந்தார். சரி சரி என்று தலையாட்டினேன். காதில் வாங்கவில்லை.

ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பார் பதஞ்சலி. முதல் பாடமாக அதை அவர்களுக்குச் சொன்னவளும் நான்தான்.

முழங்கால் வீங்கிவிட்டது. அக்காவால் நூறு நாள் வேலைக்குப் போக முடியவில்லை, கூலி போனது. மாட்டைப் பார்த்துக்கொள்ளப் பேத்தி பள்ளிக்கூடம் போகாமல் நின்றாள். சேதி கேட்டும் நான் உடனே போகவில்லை. ஊரில் நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்ற பயம். போட்டோ எடுத்து முடித்த பிறகுதான் போனேன்.

"என் காலுதான் சரியில்ல, நீ என்ன பண்ணுவ கண்ணு" என்றார். இல்லைக்கா, என் தப்பு என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். அவர் தன் தலையில் போட்டுக்கொண்ட பழி எனக்கு வசதியாக இருந்தது.

இப்போது கூடத்தில் நாற்காலிகள் போட்டிருக்கிறேன். அவர் வரவில்லை. கால் வலியால் நின்றுவிட்டார் என்றுதான் மற்ற பெண்கள் நினைக்கிறார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று இதுவரை விட்டிருந்தேன். இந்த வார வகுப்பில், அவர்கள் எல்லோர் முன்னாலும், இதைப் படித்துக் காட்டப் போகிறேன். அதற்கு முன் அக்கா வீட்டில்.